பின் பிரேக் மட்டும்

எனக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது. எங்கள் தெருவில் இதைச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். சைக்கிள் கடைக்காரி மகள், டியூபுக்கும் டயருக்கும் நடுவில் வளர்ந்தவள், இவளுக்கு ஓட்டத் தெரியாதாம் என்று சிரிப்பார்கள். உண்மை அதுதான், மேடம். அம்மா விடவில்லை. கடை வாசலில் வாடகை சைக்கிள்கள் வரிசையாக நிற்கும். தெருப் பிள்ளைகள் அத்தனை பேரும் அதில் விழுந்து எழுந்துதான் கற்றுக்கொண்டார்கள். நான் போய் ஹேண்டில்பாரைப் பிடித்தால் மட்டும் அம்மா ஸ்பானரை ஓங்குவாள்.

"முட்டியைப் பேத்துக்கிட்டு வந்து நின்னா பரீட்சையை யாரு எழுதறது? போய்ப் படிடி."

படித்தேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா லாரி ஓட்டுகிறார். வீட்டுக்கு விருந்தாளி மாதிரி வருவார், விருந்தாளி மாதிரியே குறை சொல்லிவிட்டுப் போவார். ஆகவே என் படிப்பு முழுக்க அம்மாவின் கையிலிருந்த கிரீஸிலிருந்து வந்தது. பஞ்சர் ஒட்டுவாள், வீல் பெண்டு எடுப்பாள், வண்டியை முழுசாகப் பிரித்துத் துடைத்து மாட்டுவாள். காற்றுக்கு மட்டும் காசு வாங்க மாட்டாள். "காத்துக்கு என்னடி காசு, அதை என்ன நானா செஞ்சேன்?" என்பாள்.

பரிதாபத்துக்காக இதைச் சொல்லவில்லை. ஏன் செய்தாய் என்று கேட்டீர்கள். இவளுக்குப் பைத்தியம் என்று எழுதிவிட்டு எழுந்து போவது உங்களுக்குச் சுலபம். அதற்கு இடம் கொடுக்காமல் ஒழுங்காகச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் ஆரம்பத்திலிருந்து வருகிறேன். நீங்கள் என்னைத் தேடி வரவில்லை, நானாகத்தான் ஸ்டேஷனுக்கு வந்தேன் என்பதையும் மறக்க வேண்டாம்.

எங்கள் கடை இறக்கத்தின் அடியில் இருக்கிறது. மேலே, மெயின் ரோட்டில், நான் கல்லூரி கடைசி வருடம் படிக்கும்போது அந்தப் பெரிய கடை வந்தது. எல்லா ஊரிலும் கிளை இருக்கிற கடை. சுவர் முழுக்கக் கண்ணாடி. துணிக்கடையில் சட்டை தொங்குவது மாதிரி கூரையிலிருந்து சைக்கிள்கள் தொங்கின. ஹெல்மெட் இலவசம், முதல் சர்வீஸ் இலவசம், உள்ளே குளுகுளு என்று இருக்கும். எங்கள் தெருவே மேடேறிப் போனது.

யார் யார் போனார்கள் என்று எனக்குத் தெரியும். ஜன்னலோரம் உட்கார்ந்து படிக்கிறவளுக்கு வேறு என்ன வேலை. பளபளவென்று புது வண்டியில் இறங்கி வருவார்கள். எங்கள் கடையைத் தாண்டும்போது மட்டும் தலையை எதிர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார்கள். எதிர்ப்பக்கம் வெறும் சுவர்தான், பார்ப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை. அப்புறம் ஒரு நாள் பஞ்சர் ஆகும். பெரிய கடையில் "விட்டுட்டுப் போங்க, கூப்பிடறோம்" என்பார்கள். மறுபடியும் எங்கள் வாசலில் வந்து பல்லைக் காட்டுவார்கள்.

"என்னக்கா, கோவமா?"

"எதுக்குக் கோவம்? வண்டியை எங்க வாங்கினா என்ன, முள்ளு நம்ம தெருவுலதானே கிடக்கு."

அம்மா இதைச் சொல்லிவிட்டுச் சிரிப்பாள். அவர்களும் சிரிப்பார்கள். நான் ஜன்னலுக்குப் பின்னால் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருப்பேன். சிரிக்கிற முகத்தை நான் நம்புவதில்லை. அந்தப் பழக்கம் அப்போது வந்தது.

பட்டம் வாங்கியதும் எல்லா இடத்துக்கும் விண்ணப்பம் போட்டேன். அனுபவம் உண்டா என்றார்கள். யாரையாவது தெரியுமா என்றார்கள். என்னைக் கூப்பிட்ட ஒரே இடம் அந்தப் பெரிய கடை. "சைக்கிள் பத்தி ஏதாவது தெரியுமா?" என்று மேனேஜர் கேட்டார். "கொஞ்சம் சார்" என்றேன். அம்மாவைப் பற்றி நான் சொல்லவில்லை. வெட்கப்பட்டாயா என்று நீங்கள் கேட்கலாம். வெட்கமெல்லாம் இல்லை. கேட்காததை எதற்குச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

அம்மா என்னைத் தலையில் தூக்கி வைத்து ஆடினாள். பஞ்சர் ஒட்ட வந்தவர்களையெல்லாம் பிடித்து நிறுத்தி, "என் பொண்ணு மேல பெரிய கடையில ஆபீசர்" என்றாள். ஆபீசர் இல்லை. வண்டி ஒப்படைக்கும் மேசையில் நிற்கிறவள். பெட்டியில் பாதி பிரிந்து வரும் சைக்கிளைப் பின்னறையில் ஃபிட்டர் பூட்டிக் கொடுப்பார். நான் கடைசியாக ஒருமுறை பார்த்து, துடைத்து, சீட் உயரம் சரிசெய்து, வாங்குகிறவர் கையில் கொடுக்க வேண்டும். கொடுக்கும்போது மேசை மணியை அடித்தால் கடையில் இருக்கிற எல்லோரும் கை தட்டுவார்கள். அது கம்பெனி பழக்கம். வாங்குகிறவர்களுக்கு உச்சி குளிர்ந்துபோகும்.

ஃபிட்டருக்கு மின்னல் என்று பட்டப்பெயர். அவ்வளவு வேகம். என்னை அவர் டிகிரி என்று கூப்பிடுவார். "டிகிரி, இந்தா, இதையும் பார்த்துக் குடு. படிச்ச கண்ணு பட்டாத்தான் வண்டிக்கு மரியாதை." நல்ல மனிதர்தான். ஆனால் வேகமாக வேலை செய்கிறவர்கள் எதையாவது விடுவார்கள்.

விட்டார். அந்த முதல் வண்டி என் வேலை இல்லை, மேடம், அதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். பின் பிரேக் ஒயரைப் பிடிக்கிற நட்டை அவர் சரியாக முடுக்கவில்லை. நானும் கவனிக்கவில்லை. வாங்கிக்கொண்டு போனவர் எங்கள் தெரு மருந்துக்கடைக்காரர். இறக்கத்தில் பிரேக் பிடித்தபோது ஒயர் நழுவிவிட்டது. முன் பிரேக்கால் தப்பித்து, காலைத் தேய்த்துக்கொண்டு நேராக அம்மாவிடம் வந்து நின்றார். அம்மா முடுக்கிக் கொடுத்தாள். அவர் தெரு முழுக்க, "கண்ணாடிக் கடையாம் கண்ணாடிக் கடை, ஒரு நட்டை முடுக்கத் தெரியலை. பேசாம அக்காகிட்டயே ஒரு வண்டி செய்யச் சொல்லியிருக்கலாம்" என்று சொல்லிவிட்டார். அந்த வாரம் எங்கள் வாசலில் நிற்க இடம் இல்லை. வண்டியைக் காட்டிச் சரிபார்த்துக்கொள்ள ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். அம்மா வெகுநாளைக்குப் பிறகு இருட்டின பிறகும் வேலை செய்தாள். நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மின்னல் இன்னொரு தடவை விடுவார் என்று காத்திருந்தேன். அவர் விடவில்லை. மேனேஜர் திட்டியதில் ஒழுங்காகிவிட்டார். ஆகவே நான் செய்ய வேண்டியதாயிற்று.

அதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. அந்த நட்டைத் தளர்த்தச் சிறிய ஸ்பானர் ஒன்று போதும். துடைக்கிற துணிக்குள் வைத்துக்கொள்வேன். வாங்குகிறவர் ஹெல்மெட்டைத் தலையில் போட்டு அழகு பார்க்கும் நேரத்தில் முடிந்துவிடும். கடைக்குள் லேசாக இழுத்துப் பார்த்தால் பிரேக் நன்றாகத்தான் பிடிக்கும். பின் பிரேக் மட்டும்தான். முன் பிரேக்கை நான் தொட்டதே இல்லை. ஒரு மனசாட்சி வேண்டாமா?

அப்புறம் அன்பாக ஒரு வார்த்தையும் சொல்லி அனுப்புவேன். "புது வண்டி, ஒயரெல்லாம் கொஞ்சம் இளகும். போற வழியில யார்கிட்டயாவது காட்டிடுங்க. இறக்கத்துக்குக் கீழ ஒரு அக்கா இருக்காங்க, நல்லாப் பார்ப்பாங்க." எவ்வளவு நல்ல பெண் என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அந்த அக்காவிடம் போக வேண்டுமானால் அந்த இறக்கத்தில்தான் இறங்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாதா என்று உங்கள் பக்கத்தில் இருக்கிறவர் கேட்டார். தெரியும். அது ஒன்றும் பெரிய இறக்கம் இல்லை.

வருகிறவர்கள் எல்லோருக்கும் செய்யவில்லை. நான் அப்படிப்பட்டவள் இல்லை. வெளியூர்க்காரர்கள், முன்பின் தெரியாதவர்கள், அவர்கள் வண்டியையெல்லாம் அம்மாவே பூட்டியது மாதிரி சரிபார்த்துக் கொடுத்தேன். எங்கள் தெருக்காரர்கள் மட்டும்தான். அதிலும், சுவரைப் பார்த்துக்கொண்டு போனவர்கள். டியூஷன் வாத்தியாருக்கு முழங்கையில் தோல் போனது. தையல்கார அக்காவுக்கு ஒரு பல் போனது. அவள் மகள்கள் இரண்டு பேரும் எங்கள் வாடகை சைக்கிளில்தான் ஓட்டக் கற்றார்கள். ஒரு பல்தானே. அவள் என் அம்மாவிடம் வந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதபோது, அம்மா தண்ணீர் கொடுத்து உட்கார வைத்து, வண்டியையும் சரிசெய்தாள். அப்படித்தான் நடக்க வேண்டும் என்று நினைத்தேன், அப்படித்தான் நடந்தது.

மேனேஜர் என்னிடமும் விசாரித்தார். நான் பொய் சொல்லவில்லை. "மின்னல் அண்ணன் வேகமாச் செய்வார் சார்" என்றேன். அது உண்மை. உண்மையை எந்த நேரத்தில் சொல்ல வேண்டும் என்பதுதான் படித்தவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

மின்னலுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. என் மேல் இல்லை, தன் மேலேயே. முடுக்கினோமா இல்லையா என்று திரும்பித் திரும்பிப் பார்ப்பார். பெயருக்கேற்ற வேகம் போய்விட்டது. கடைசியில் வீட்டிலிருந்து மனைவியின் நகப்பூச்சைக் கொண்டுவந்தார். நல்ல சிவப்பு. ஒவ்வொரு நட்டையும் முடுக்கியதும் நட்டின் மேல் தொடங்கிக் கம்பி வரை ஒரு கோடு இழுத்துவிடுவார். நட்டு கொஞ்சம் திரும்பினாலும் கோடு உடைந்துவிடும். "பாரு டிகிரி, இனிமே எவன் என்னைக் குறை சொல்றான்னு பார்க்கறேன்" என்றார். நானும் அதே சிவப்பில் ஒரு குப்பி வாங்கிக்கொண்டேன். வாழ்க்கையில் முதல் தடவையாக நகப்பூச்சு வாங்கினேன். அம்மா பார்த்துவிட்டு, "அட, என் பொண்ணுக்கும் ஆசை வந்துருச்சா" என்று கிண்டல் செய்தாள்.

அவளும் கவனித்துக்கொண்டுதான் இருந்தாள். "என்னடி உங்க கடையில, நம்ம தெருவுக்கு வர்ற வண்டி மட்டும் பின் பிரேக் நழுவுது?" என்று ஒருநாள் கேட்டாள். "நம்ம தெரு வண்டிதானேம்மா உன் கண்ணுல படும்" என்றேன். சரிதான் என்று விட்டுவிட்டாள்.

இதுவரை எல்லாம் சரியாகப் போனது. கெடுத்தது அந்த மேனேஜர்.

வாடிக்கையாளர்கள் ஆளுக்கு ஆள் இறக்கத்தடி அக்கா பற்றிச் சொல்லச் சொல்ல, அவரே ஒருநாள் இறங்கிப் போய் அம்மாவைப் பார்த்திருக்கிறார். எங்க வண்டியையெல்லாம் நீங்கதான் சரிபண்றீங்களாமே, பேசாம எங்ககிட்டயே வந்துருங்க என்று கேட்டிருக்கிறார். அம்மா சரி என்றுவிட்டாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் காலை நீட்டி உட்கார்ந்து விளக்கெண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்கிறாள்.

"உன் கடையிலேயே எனக்கும் வேலைடி. ஸ்டூல் போட்டு உக்காந்து செய்யலாமாம்."

"நம்ம கடை?"

"மூடிட வேண்டியதுதான். குனிஞ்சு குனிஞ்சு முதுகு போச்சு. உன்னைப் படிக்க வைக்கத்தான் அதைக் கட்டிக்கிட்டு அழுதேன். நீ கரையேறிட்ட. இன்னும் எதுக்கு?"

"மூடாதம்மா."

"ஏன்டி?"

யாருக்காக நான் அத்தனையும் செய்தேன் என்று அவளிடம் சொல்ல முடியுமா? அவள் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனாள். காலையில் இரண்டு பேரும் சேர்ந்தே மேடேறிப் போகலாமாம். வேலை செய்கிறவர்களுக்கு விலை குறைத்துக் கொடுப்பார்களாம், தனக்கென்று ஒரு புது வண்டி வாங்கப் போகிறாளாம். "இத்தனை வருஷம் ஊரான் வண்டியைத் துடைச்சாச்சு. எனக்குன்னு ஒண்ணு வேணாமா?"

மறுநாள் கடையில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. "டிகிரி, பஞ்சர் அக்கா உங்க அம்மாவாமே, சொல்லவே இல்லை" என்று மின்னல் கேட்டார். பில் போடும் பெண்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். மேனேஜர்கூட, "ஓ, அதான் கொஞ்சம் தெரியும்னீங்களா" என்றார். அதற்கும் நான் செய்ததற்கும் சம்பந்தம் இல்லை. நீங்கள் அப்படித்தான் முடிச்சுப் போடுவீர்கள் என்று தெரிந்ததால் சொல்லிவைக்கிறேன்.

அம்மா வண்டி வாங்க ஒரு மத்தியான நேரத்தில் வந்தாள். நன்றாகக் குளித்து, தலைவாரி, நல்ல உடுப்பு உடுத்தி வந்தாள். நகக்கண்ணில் மட்டும் கிரீஸ் போகவில்லை. பின்னறைக்கே போய்விட்டாள்.

"நீதான் அந்த மின்னலா? இடி எங்க?"

"இடி மேனேஜர் ரூம்ல இருக்காரு அக்கா. மெதுவாப் பேசுங்க."

இரண்டு பேரும் அப்படிச் சிரித்தார்கள். அவர் வண்டி பூட்டுவதை முழுக்க நின்று பார்த்தாள். நகப்பூச்சுக் கோட்டைப் பார்த்து, "இது என்ன புதுசா இருக்கு?" என்று கேட்டாள். அவர் விளக்கினார். அம்மா குனிந்து ஒவ்வொரு கோடாகப் பார்த்தாள். "சுத்தமான வேலைப்பா. இப்படிச் செய்யறவன் வண்டி எப்படி நழுவும்?" என்றாள். சொல்லிவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கொஞ்ச நேரம்தான். நான் துணியை மடித்துக்கொண்டிருந்தேன். அப்புறம் ஹெல்மெட் பார்க்கப் போய்விட்டாள்.

அவள் என்ன நினைத்தாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

என் கணக்கு இதுதான். அம்மா எந்த வண்டியாக இருந்தாலும், கையில் வந்ததும் முதல் வேலையாக இரண்டு பிரேக்கையும் கெட்டியாகப் பிடித்து, வண்டியை முன்னால் தள்ளிப் பார்ப்பாள். அது அவளுக்கு மூச்சு விடுகிற மாதிரி. கடை வாசலைத் தாண்டுவதற்குள் கண்டுபிடித்துவிடுவாள். இவ்வளவு பேர் முன்னால், புது வண்டியில், பிரேக் கையோடு வரும். இந்தக் கடையும் வேண்டாம், வேலையும் வேண்டாம் என்று திரும்பி இறங்கிப் போய்விடுவாள். எங்கள் கடை திறந்திருக்கும். யாருக்கும் ஒரு கீறல் கிடையாது. யோசித்துப் பார்த்தால் நான் செய்ததிலேயே பாதுகாப்பானது அந்த வண்டிதான்.

அவள் வண்டியில் மட்டும் இரண்டு பிரேக்கையும் தளர்த்தினேன். ஒன்றை மட்டும் தளர்த்தியிருந்தால் சிரித்துக்கொண்டே சரிசெய்துவிட்டு மறுநாள் வேலைக்கு வந்து நின்றிருப்பாள். மறுபடி கோடு போட நேரம் இல்லை. அவள் ஹெல்மெட்டோடு வந்துவிட்டாள்.

"பார்த்துட்டியாடி?"

"பார்த்துட்டேன்மா."

மணியை அடித்தேன். எல்லோரும் கை தட்டினார்கள், அம்மாவுக்கு என்பதால் கொஞ்சம் அதிகமாகவே. அவள் கூச்சப்பட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். வண்டியை வெளியே தள்ளிக்கொண்டு போனாள். பிரேக்கைப் பிடிப்பாள், பிடிப்பாள் என்று கண்ணாடிக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் சீட்டைத் தடவினாள். பெல்லை அடித்துப் பார்த்தாள். திரும்பி எனக்குக் கை காட்டினாள். ஏறி உட்கார்ந்தாள்.

கூப்பிட்டிருக்கலாம். கதவு பத்தடிகூட இல்லை. ஆனால் கூப்பிட்டு என்ன சொல்வது? எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இறக்கத்தின் அடியில், எங்கள் கடைக்கு நேராக, தண்ணீர் லாரி ஒன்று ரிவர்ஸில் வந்துகொண்டிருந்தது. சத்தம் மேலே வரை கேட்டது. கடையில் எல்லோரும் ஓடினார்கள். நான் ஓடவில்லை. மேசையில் ஒருவர் வண்டிக்குக் காத்திருந்தார், விட்டுவிட்டு ஓடினால் தப்பாகப் படும். அவர் வண்டியை ஒழுங்காகச் சரிபார்த்துக் கொடுத்துவிட்டுத்தான் இறங்கினேன். கூட்டம் எனக்கு வழிவிட்டது. அம்மாவின் ஹெல்மெட் கழன்று எங்கள் வாடகை சைக்கிள்களுக்கு அடியில் கிடந்தது. தையல்கார அக்கா அவள் தலையை மடியில் வைத்திருந்தாள். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

மின்னலை நீங்கள் அன்றைக்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டீர்கள். கோடு உடைஞ்சிருக்கு, கோடு உடைஞ்சிருக்கு என்று அவர் சொல்லிக்கொண்டே இருப்பதாகவும், நீங்கள் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்றும் அவர் மனைவி வந்து அழுதாள். அவர் சொல்வது சரி. அவரை விட்டுவிடுங்கள். ஆனால் அவருக்காக நான் வந்தேன் என்று நினைக்க வேண்டாம். இழவு வீட்டில், என் முதுகுக்குப் பின்னால் இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். "ஊருக்கே பிரேக் பார்த்தவ, தன் வண்டி பிரேக்கைப் பார்க்கத் தெரியாம போயிட்டாளே. அவ்வளவுதான் அவ வேலை." என் அம்மாவுக்கு வேலை தெரியாது என்று ஒருத்தர் சொல்லக் கேட்டுக்கொண்டு என்னால் இருக்க முடியாது. அதனால்தான் வந்தேன். இப்போதும் நான் செய்வது அவளுக்காகத்தான்.

இரண்டு நட்டையும் தளர்த்தியது நான்தான். அதை எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் ஏறுவதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை பிரேக்கைப் பிடித்துப் பார்க்காதது அவள் தப்பு என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

வேறு யார் கொடுத்த வண்டியாக இருந்தாலும் பார்த்திருப்பாள்.